சிவப்புத் தலைக் கட்டைகள்

1

எனக்குச் சந்தேகக் குணம். இதை ஒளித்துப் பயனில்லை. இந்தக் குறிப்புகளை ஊரில் இருந்து வாசிக்கிற நீங்கள் இவ்வளவு நாளில் கண்டுபிடித்திருப்பீர்கள். பாரிசில் லாச்சப்பல் தமிழ்க் கடையில் கருவேப்பிலைக் கட்டு வாங்கினால் அங்கேயே நடுவில் பிரித்துப் பார்ப்பேன். வெளியே பச்சையும் உள்ளே கறுப்புமாக வைத்துக் கட்டுவதில் எங்கடை ஆட்கள் விண்ணர்கள். தெரியாத நம்பரில் இருந்து அழைப்பு வந்தால் எடுக்கமாட்டேன். தெரிந்த நம்பர் என்றால், இவ்வளவு நாளும் இல்லாமல் இப்போது என்னத்துக்கு என்று யோசித்துவிட்டுத்தான் எடுப்பேன். வதிவிட கார்ட் கொடுக்கிற பிரிபெக்சரின் கடிதத்தைக் கிழிக்க முதல் யன்னல் வெளிச்சத்தில் பிடித்து உள்ளே எத்தனை தாள் இருக்கிறது என்று பார்க்கிற ஆள் நான். ஒரு தாள் என்றால் பயமில்லை, மூன்று தாள் என்றால் ஏதோ பிழை. என் வீட்டுக்காரர் சிரிப்பார். சிரிக்கட்டும். அவர் சண்டை முடிவதற்கு வெகுகாலம் முன்னரே வந்தவர், எதையும் நம்பிப் பழகியவர்.

இந்தமுறை எழுதப்போவது கருவேப்பிலையைப் பற்றி இல்லை. சரோ அக்காவைப் பற்றி.

நாலு வருடங்களுக்கு முதல், லாச்சப்பலில் நகைக்கடைகள் இருக்கிற தெருவில் எனக்கு முன்னால் ஒரு பெண் நடந்துகொண்டிருந்தார். வலது கால் கொஞ்சம் பிந்தி வந்தது. பின்பக்கத்தைப் பார்த்தே ஆள் யாரென்று பிடித்துவிட்டேன். மற்றப் பக்கம் மாறிப் போய்விடுவோம் என்று தெருவில் இறங்கினேன். பின்னால் வந்த பஸ்காரன் ஹோர்ன் அடித்தான். அவர் திரும்பிப் பார்த்தார்.

"எடி வனிதா! நீ இஞ்சையே இருக்கிறாய்?"

கட்டிப்பிடித்தார். வன்னியில் எங்கள் பக்கத்துக் காணிக்காரி அவர். புருசன் செல்வராசா அண்ணை கடைசிச் சண்டைக்கு முன்னரே பிரான்சுக்கு வந்தவர், பாரிஸ் புறநகர் ஸ்தேனில் இருக்கிறார், உணவகம் ஒன்றின் குசினியில் வேலை. வதிவிட கார்ட் கிடைக்க எட்டு வருடம், அதற்குப் பிறகு மனைவியைக் கூப்பிட இன்னும் சில வருடம். நான் பக்கத்துப் புறநகர் லெ பிளாங்-மெனிலில் இருக்கிறேன் என்றதும் சரோ அக்கா என் நம்பரைக் கேட்டார். ஒரு எண்ணை மாற்றிக் கொடுக்கலாமா என்று யோசித்தேன். ஆனால் அவர் அங்கேயே அடித்து, என் கைப்பைக்குள் மணி கேட்கிறதா என்று பார்த்தார்.

அதற்குப் பிறகு கிழமைக்கு ஒருக்கால் அழைப்பு. ஊரில் இருந்து பனங்கிழங்கு ஒடியல் மா வந்தால் எனக்கொரு பங்கு. மகள் அபிக்குப் பிறந்தநாள் என்றால் சட்டை. நான் இந்தச் சஞ்சிகையில் எழுதுகிற குறிப்புகளைத் தொலைபேசியில் வாசித்துவிட்டு, நல்லாயிருக்கு என்பார். ஒவ்வொரு தடவையும் நான் நினைத்தது ஒன்றுதான். இந்த மனுசிக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் என்னைச் சுற்றிச் சுற்றி வருகிறா.

2

என்ன தெரியும் என்று சொல்லிவிடுகிறேன்.

இரண்டாயிரத்துப் பத்தில், சண்டை முடிந்து அடைத்துவைத்த முகாமில் இருந்து எங்களை ஊருக்கு விட்டார்கள். வீடு இருந்த இடத்தில் அத்திவாரம் மட்டும் கிடந்தது. எனக்கு அப்போது இருபத்தைந்து வயது, கலியாணம் ஆகவில்லை. ஐயாவும் நானும் தறப்பாள் கொட்டில் ஒன்றில். பக்கத்துக் கொட்டிலில் சரோ அக்கா தனியே, ஒரு ஆடும் குட்டியும் வைத்துக்கொண்டு.

எங்கள் காணிகளின் பின்பக்கம் மிதிவெடி அகற்றுகிறவர்கள் வேலைசெய்தார்கள். துப்புரவாக்கிய நிலம் எது, ஆக்காத நிலம் எது என்று காட்ட, நுனியில் சிவப்பு மை பூசிய இடுப்பளவுக் கட்டைகளை வரிசையாக அடித்திருந்தார்கள். கட்டைக்கு இந்தப் பக்கம் நடக்கலாம், அந்தப் பக்கம் கால் வைக்கக் கூடாது. கூட்டம் வைத்துப் படம் காட்டிச் சொன்னார்கள். கட்டையைப் பிடுங்காதேங்கோ என்றும் சொன்னார்கள். அதையும் சொல்ல வேண்டியிருந்தது. ஊரில் தடி தண்டு என்று ஒன்றும் இல்லை. வேலிக் கதியால்கள் எரிந்துபோயின. காட்டுக்குள் போக வழியில்லை. நேரான, உக்காத கட்டை என்றால் அதுதான். ஒரு வீட்டில் கோழிக்கூட்டின் கால் சிவப்பு நுனியோடு நின்றது. இன்னொரு வீட்டில் உடுப்புக் காயப்போடுகிற கயிற்றின் இரண்டு அந்தமும் சிவப்புக் கட்டைதான்.

நான் பயத்தங்கொட்டை போட்டிருந்தேன். கொடி ஓடத் தொடங்கிவிட்டது, பந்தலுக்கு நாலு கால் தேவை. பின்பக்கம் ஒரு கிழமையாக வேலையாட்களைக் காணவில்லை. அந்த இடம் முடிந்துவிட்டது என்று நினைத்து நாலு கட்டையைப் பிடுங்கி வந்தேன். உண்மையில் அப்படி நினைத்தேனா, கட்டை வேண்டும் என்பதற்காக அப்படி நினைத்துக்கொண்டேனா? நுனியைக்கூட நான் சுரண்டவில்லை. மண்ணுக்குள் சிவப்புப் பக்கம் போகத் தலைகீழாக நட்டேன்.

மூன்று கிழமை கழித்து ஒரு காலை, சரோ அக்காவின் ஆட்டுக்குட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு பின்பக்கம் ஓடியது. அவர் துரத்திக்கொண்டு போனார். கட்டை வரிசையில் நாலு கட்டையளவு இடைவெளி. அதுதான் வேலை முடிந்த பாதை என்று எவரும் நினைப்பார்கள்.

சத்தம் கேட்டு ஓடினேன். கட்டை நின்ற நாலு குழியும் அப்படியே கிடந்தன. அதற்கு மேல் எனக்குக் கால் வரவில்லை. முப்பது அடி தள்ளி சரோ அக்கா விழுந்து கிடந்தார். வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. என்னைக் கண்டதும் கையைத் தூக்கினார். கூப்பிடுகிறா என்று நினைத்தேன்.

"வராதை வனிதா. அங்கையே நில்."

ஊரின் மற்ற அந்தத்தில் நின்ற வேலையாட்கள் வந்து, நிலத்தைக் கம்பியால் குத்திக் குத்திப் பாதை எடுத்து அவரைத் தூக்கிவர நெடுநேரம் ஆகிவிட்டது. அவ்வளவு நேரமும் அவர் என்னைப் பார்த்தபடியே கிடந்தார். வண்டியில் ஏற்றி அனுப்பிய கையோடு நான் கொட்டிலுக்கு ஓடிவந்து, நாலு கட்டையையும் பிடுங்கி அடுப்பில் வைத்தேன்.

பின்னேரம் வேலையாட்களின் பொறுப்பாளர் வந்து, கட்டையைப் பிடுங்கியது யார் என்று கேட்டார். கோழிக்கூட்டுக்காரரும் கயிற்றுக்காரரும் நிலத்தைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. அடுத்தநாள் நிவாரண வரிசையில் சனம் கேட்டது, சரோ அதுக்குள் என்னத்துக்குப் போனவள் என்று. உங்களுக்குத் தெரியும், இடம்பெயர்ந்தபோது ஆளாளுக்கு நகைநட்டையும் காணி உறுதியையும் பால்மா ரின்னுக்குள் போட்டு நிலத்தில் தாட்டுவிட்டுத்தான் ஓடினோம். திரும்பி வந்த பிறகு ஊர் முழுக்கத் தோண்டல்தான். வரிசையில் எனக்கு முன்னால் நின்றவரிடம் நான் சொன்னேன், அங்காலை கடைக்கார ஆட்களின் காணி, அவை தாட்ட நகை இன்னும் கிடக்காம் எண்டு கதைக்கினம். இவ்வளவுதான் சொன்னேன். சரோ நகைக்குப் போனாள் என்று நான் சொல்லவில்லை. சொல்லத் தேவையிருக்கவில்லை. மத்தியானத்துக்கிடையில் அவர் கையில் மண்வெட்டி இருந்ததாம். இரவுக்கிடையில் கட்டையைப் பிடுங்கியதும் அவரேயாம். மற்றவன் நகைக்கு ஆசைப்பட்டுக் காலைக் குடுத்தவள் என்ற பெயர் அன்றைக்கு விழுந்தது.

அடுத்த வருடக் கடைசியில் நான் கலியாணமாகிப் பிரான்சுக்கு வந்துவிட்டேன். அந்தக் கதை எனக்கு முன்னமே லாச்சப்பலுக்கு வந்து சேர்ந்திருந்தது.

3

போன வருடம் ஒருநாள் சரோ அக்கா ஒரு உதவி கேட்டார். இந்தியக் கால் என்று ஊரில் போட்டுவிட்ட பொய்க்கால் தேய்ந்து முழங்காலடித் தசையைத் தின்கிறது. இங்கே நல்ல கால் போடலாம், மாற்றுத்திறனாளி அட்டையும் எடுக்கலாம். அதற்குப் பொபினி அலுவலகத்தில் ஒரு சமூக உதவியாளரிடம் ரொந்தெவு, சந்திக்க நேரம் குறித்திருக்கிறது. மொழிபெயர்க்க ஆள் வேண்டும்.

உடனே எனக்குச் சந்தேகம். ஸ்தேன் முழுக்கத் தமிழ் ஆட்கள், என்னிலும் நல்ல பிரெஞ்சு கதைக்கிறவர்கள். என்னை ஏன்? எனக்குப் பிரெஞ்சு காணாது அக்கா என்றேன். அப்ப பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வா, புதன்கிழமை பின்னேரம் பள்ளிக்கூடம் இல்லைத்தானே என்றார். தப்ப வழி வைக்கவில்லை.

அபிக்குப் பதினொரு வயது. நான் தமிழில் கேட்டால் அவள் பிரெஞ்சில் பதில் சொல்வாள். தமிழ் வகுப்பில் சேர்த்து மூன்று வருடம், அ எழுதச் சொன்னால் தலையணை மாதிரி ஒன்று கீறுவாள். ஆனால் நான் கதைப்பது முழுக்க விளங்கும். விளங்காதமாதிரி இருக்கவும் தெரியும்.

சமூக உதவியாளர் நல்ல பெண். தண்ணீர் தந்தார், சரோ அக்காவுக்கு உயரம் குறைந்த கதிரை தேடிப்போட்டார். படிவம் நிரப்பி முடிகிற நேரத்தில், கால் எப்படிப் போனது என்று இரண்டு வரி சேர்த்தால் நல்லது என்றார். அபி அதை என்னிடம் கேட்டாள், நான் சொன்னேன். மிதிவெடி. அந்தப் பெண் முகம் சுருங்கிப்போய், அங்கே ஆபத்து என்று அடையாளம் ஒன்றும் வைக்கவில்லையா என்று கேட்டார். சும்மா இரக்கத்தில் கேட்ட கேள்விதான். எனக்கோ, இவளை யார் கேட்கச் சொன்னது என்று மனம் அடித்துக்கொண்டது.

அடையாளம் வைச்சிருந்ததோ எண்டு கேக்கிறா என்று சரோ அக்காவுக்குச் சொன்னேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார். "நீயே சொல்லன் வனிதா. நீதானே பக்கத்திலை இருந்தனீ."

எவ்வளவு லேசான சந்தர்ப்பம். இரண்டு சொல்லில் முடிந்திருக்கும். அந்த அறையில் எங்களைத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. நான் அபியைப் பார்த்துச் சொன்னேன், அடையாளம் இருந்தது, அவ கவனிக்காமல் தாண்டிப் போயிட்டா எண்டு சொல்லு என்று. சரோ அக்காவின் காதுபடத்தான் சொன்னேன், பிள்ளை அதை அழகான பிரெஞ்சில் சொன்னாள். உதவியாளர் தட்டச்சு செய்து, பிரதி ஒன்றைச் சரோ அக்காவின் கையில் கொடுத்தார்.

திரும்பி வரும்போது ட்ராமில் அபி பிரெஞ்சில் கேட்டாள், அடையாளம் இருந்தால் அந்த அன்ரி ஏன் உள்ளே போனவ, அம்மா?

பிள்ளை என்ன கேட்கிறாள் என்று சரோ அக்கா கேட்டார்.

பசிக்குதாம் என்றேன்.

அபி என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு காதில் பாட்டுக் கேட்கிற வயரை மாட்டிக்கொண்டு யன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். சரோ அக்கா கைப்பைக்குள் இருந்து மீன் வைத்த மாலு பணிஸ் ஒன்று எடுத்து அவள் மடியில் வைத்தார். எனக்கு அந்த இடத்திலேயே செத்துப்போகலாம் போல இருந்தது.

4

இரண்டு கிழமையில் செல்வராசா அண்ணையின் நம்பரில் இருந்து அழைப்பு. அவர் எனக்கு ஒருநாளும் எடுத்ததில்லை. இரண்டு தரம் அடிக்கவிட்டு மூன்றாம் தரம் எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒருக்கால் வீட்டுக்கு வந்துபோகச் சொன்னார். காரணம் சொல்லவில்லை.

ஸ்தேனில் ஆறாம் மாடி. சரோ அக்கா குசினியில் நின்றார், ஏதோ பொரிகிற மணம். மேசையில் அந்தப் பொபினித் தாள். தன்னோடு வேலைசெய்கிற பாண்டிச்சேரிக்காரர் ஒருவரைக் கொண்டு வாசிப்பித்ததாக அண்ணை சொன்னார். அடையாளத்தைத் தாண்டிப் போனவ என்று அரசாங்கத் தாளிலேயே இருக்கிறது என்றார். அவர் கத்துகிற மனுசன் இல்லை. குரலைத் தாழ்த்தித்தான் கதைப்பார். அதுதான் எனக்குப் பயம்.

இவ்வளவு வருடமும் லாச்சப்பலில் ஆட்கள் தன் முதுகுக்குப் பின்னால் கதைத்ததையெல்லாம் அவர் சொன்னார். மற்றவனின் நகை தோண்டப் போனவளின் புருசன் என்று தேத்தண்ணிக் கடையில் ஒருவன் முகத்துக்கு நேரே பகிடி விட்டானாம். தான் நம்பவில்லையாம். ஆனால் நம்பாமல் இருக்கவும் முடியவில்லையாம். அவர் கதைக்கும்போது அடிக்கடி காற்சட்டைப் பொக்கற்றுக்குள் கையை விட்டார், உள்ளே சாவிகள் கோர்த்த திறப்புக்கோர்வை கிலுங்கியது. அலுமாரித் திறப்பு வீட்டில் கிடப்பதில்லை என்று சரோ அக்கா எப்போதோ ஒருமுறை சொன்னதை நான் வேறு எப்படியோ விளங்கியிருந்தேன். பெண்சாதி எடுத்துவிடுவா என்று அண்ணை அதைத் தன்னோடு கொண்டு திரிகிறார் என்று இப்போதுதான் விளங்கியது. தாலிக்கொடியும் அதற்குள்தானாம். மூன்று வருடமாக அந்த வீட்டில் சரோ அக்கா கள்ளியாக இருந்திருக்கிறார்.

"தங்கச்சி, குறை நினையாதேங்கோ," என்றார் அண்ணை. "பக்கத்துக் காணியிலை இருந்தது நீங்கள்தான். இவ உண்மையிலை என்னத்துக்கு அங்கை போனவ?"

குசினியில் பொரிகிற சத்தம் நின்றது. அடுப்பை நிற்பாட்டிவிட்டா. கேட்டுக்கொண்டு நிற்கிறா. முதலில் எனக்கு வந்த நினைப்பு, இரண்டு பேரும் சேர்ந்து எனக்குப் பொறி வைத்திருக்கினம் என்பதுதான். அந்த நேரத்திலும் என் புத்தி அப்படித்தான் போனது. அடுத்தது, இன்னொரு பொய் சொன்னால் எழும்பிப் போய்விடலாம் என்பது. சொல்லவும் வாயெடுத்தேன். அப்போது கண்ணுக்கு முன்னால் வந்தது, நிலத்தில் கிடந்துகொண்டு வராதை என்று கை தூக்கிய அந்தக் கோலம். அவ கூப்பிட்டிருந்தால் நான் போயிருப்பேனா என்று எனக்குத் தெரியாது. அவ கூப்பிடவில்லை.

சொன்னேன். கட்டையை நான் பிடுங்கினேன், பயத்தங்கொடிக்கு நட்டேன், பிறகு எரித்தேன். நகைக்கதையைத் தொடக்கிவிட்டது நான். இவ ஆட்டுக்குட்டிக்குப் பின்னால்தான் போனவ. பொபினியில் பிள்ளையைக் கொண்டு பொய் சொல்லுவித்ததும் நான்தான். சொல்லச் சொல்ல அழுகை வந்துவிட்டது. என்னை ஒருவரும் தேற்றவில்லை.

அண்ணை பொக்கற்றுக்குள் இருந்து கையை வெளியே எடுத்தார். பிறகு குசினிப் பக்கம் திரும்பி, உனக்கு இது தெரியுமோ என்று கேட்டார்.

சரோ அக்கா கையைத் துடைத்தபடி வந்து வாசலில் நின்றார். தெரியும் என்றார். ஆஸ்பத்திரியால் ஊருக்குத் திரும்பி வந்த நாளே தெரியுமாம். என் பயத்தங்கொடி பந்தல் இல்லாமல் நிலத்தில் விழுந்து, மண்ணில் கிடந்து காய்த்திருந்ததாம். நட்ட கால்களைப் பிடுங்கி ஒளித்த வீடு எது என்று அதிலேயே விளங்கிவிட்டதாம்.

"அப்ப ஏன் எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை?" என்று அண்ணை கேட்டார்.

"ஆட்டுக்குட்டி பிடிக்கப் போனனான் எண்டு எத்தினை வருசமாச் சொல்லுறன். நீங்கள் நம்பேல்லை. இவள் ஒருக்காச் சொன்னவுடனை நம்புறியள்."

அண்ணை தலையைக் குனிந்துகொண்டார். மேசையில் கிடந்த தாளை மடித்தார், விரித்தார், திரும்பவும் மடித்தார்.

நான் எழும்பினேன். மன்னியுங்கோ அக்கா என்றேன். மூன்று வருடமாக ஒடியல் மாவோடும் சட்டையோடும் என் பின்னால் வந்தது, நான் என் வாயால் எப்போது சொல்கிறேன் என்று பார்க்கத்தான் என்றார். பொபினியில் சொல்லிவிடுவாய் என்று நினைச்சன் என்றார். கோபமாகச் சொன்னால் தாங்கியிருப்பேன்.

வாசல்வரை வந்து, லிப்டுக்குப் பக்கத்தில் நின்று கடைசியாகச் சொன்னார்:

"இவருக்குச் சொல்லிப்போட்டாய். ஊருக்கு ஆர் சொல்லுறது? நீ எழுதுறனீதானே. எழுது."

5

பொபினிக்குத் திரும்பப் போய் அந்த இரண்டு வரியையும் மாற்றுவித்தோம். இந்தமுறை அபியைக் கூட்டிப்போகவில்லை. நானே தட்டுத்தடுமாறிச் சொன்னேன், உதவியாளர் இரண்டு தரம் கேட்டுத்தான் விளங்கிக்கொண்டார். அபியிடமும் சொன்னேன். தமிழில், "சரி அம்மா" என்றாள். சரி என்றால் எதற்குச் சரி என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அலுமாரித் திறப்பு இப்போது எங்கே இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. கேட்கிற தகுதி எனக்கு இல்லை. சரோ அக்கா இப்போது எனக்கு எடுப்பதில்லை. இந்தக் குறிப்பை அனுப்ப முதல் வாசித்துக் காட்ட நான்தான் எடுத்தேன். மூன்றாம் நாள்தான் அவர் திரும்ப எடுத்தார்.

கடைசிவரை கேட்டார். தறப்பாள் கொட்டிலில் நாங்கள் பட்ட பாட்டைப் பற்றி இன்னும் ஒரு பந்தி இருந்தது, அதை எடுக்கச் சொன்னார். அந்தப் பாடு ஊரில் எல்லாருக்கும் இருந்ததுதானே என்றார். எடுத்துவிட்டேன். மிச்சத்தை நீங்கள் சந்தேகத்தோடுதான் வாசிப்பீர்கள். தன்னை நல்லவளாக்கத்தான் எழுதுகிறாள் என்று சிலர் சொல்வீர்கள். சொல்லுங்கள். அது முழுப்பொய் என்று என்னாலும் சொல்ல முடியாது.

வைக்கப்போகும்போது அக்கா இன்னொன்று சொன்னார். ஊரில் இரண்டு வனிதா இருக்கினம், மற்றவள் இன்னும் அங்கேதான் இருக்கிறாள், ஒழுங்காக எழுதாவிட்டால் சனம் அவளைப் பிடித்துக்கொள்ளும் என்று.

நான் கந்தையாவின் மகள் வனிதா. பால் சேகரிக்கிற கட்டடத்துக்கு நேர் எதிர்க்காணி. நாலு கட்டையும் பிடுங்கியது நான். நகைக்கதை சொன்னதும் நான். சரோ அக்கா ஆட்டுக்குட்டி பிடிக்கப் போனவர்.